நண்பன் பெட்டிங்கில் மாட்டிக்கொண்டு காசு கேட்கிறான், கொடுப்பதா வேண்டாமா?

காட்பாடி_23 கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்.

நானும் அவனும் குடியாத்தத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். நான் இப்போது காட்பாடியில் ஒரு மொபைல் கடையில் இருக்கிறேன், அவன் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு தோல் கம்பெனியில், சம்பளம் 17 ஆயிரம். மூன்று வருடம் முன்பு எங்கள் செட்டு ஆறு பேரும் ஐபிஎல் மேட்சுக்கு டாஸ் பெட்டு கட்டுவோம், ஆளுக்கு ஐம்பது, நூறு, ஜெயித்தவன் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு அது அங்கேயே நின்றுவிட்டது. அவனுக்கு நிற்கவில்லை. டெலிகிராமில் யாரோ ஒருத்தன் பெட்டிங் தளத்துக்கு ஐடி போட்டுக் கொடுத்திருக்கிறான், முதலில் ஓவருக்கு ஓவர் கட்டுவது, அப்புறம் மேட்ச் இல்லாத நேரத்தில் விமானம் மேலே ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று காணாமல் போகுமே, அந்த ஆட்டம்.

இப்போது கடன் 1,80,000. கடன் ஆப் இரண்டில் 40 ஆயிரம், தண்டல்காரரிடம் 30, கம்பெனியில் கூட வேலை செய்பவர்களிடம் 50, அவன் அம்மா செயினை அவர்களுக்கே தெரியாமல் அடகு வைத்தது 60. அம்மா பீடி சுற்றுகிறார்கள். அவன் நைனா கைலித் தறியில் இருந்தவர், இப்போது கண் சரியில்லை. வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக்கூட இவன் ஊருக்கு வரவில்லை. எங்கே இருந்தாலும் அந்த ஒரு நாள் வந்துவிடுவான், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நேற்று ராத்திரி 11 மணிக்குப் போன் செய்து 15 ஆயிரம் கேட்டான். "இதுதான் மச்சி கடைசி, நாளைக்கு மேட்ச்ல எடுத்துடுவேன்" என்றான். நான் பேசாமல் இருந்ததும், "சரி விடு, நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இன்னொரு விஷயம், யாரோ ஒருத்தர் அவன் பேங்க் அக்கவுன்ட்டையும் ஏடிஎம் கார்டையும் வாடகைக்குக் கேட்கிறாராம், மாதம் 10 ஆயிரம் தருவாராம்.

காசு கொடுக்கலாமா? அவன் வீட்டில் சொல்லலாமா? அந்த டாஸ் பெட்டை முதலில் ஆரம்பித்தது நான்தான், அது வேறு மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

பாகாயம்_அக்கா எழுதியது:

தம்பி, காசு, கடன் எல்லாம் அப்புறம் பேசலாம். "நான் இல்லேன்னா நிம்மதி" என்ற அந்த வார்த்தைதான் முதலில். இதைப் படித்து முடித்ததும் அவனுக்குப் போன் போடு, முடிந்தால் இன்றைக்கே பஸ் ஏறிப் போய் நேரில் பார்.

மனநல வார்டில் 14 வருடமாக நர்சாக இருக்கிறேன். சூதாட்டக் கடனோடு வருகிற பையன்களில் பலரும் சரியாக இதே வாக்கியத்தைத்தான் யாரிடமாவது சொல்லியிருப்பார்கள், கேட்டவர்கள் அதைக் கோபத்தில் சொன்ன பேச்சு என்று விட்டிருப்பார்கள். நீ விடாமல் இங்கே வந்து கேட்டாயே, அதுவே பெரிது. அவனிடம் நேராகவே கேள், "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று. அப்படிக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. யாரிடமும் சொல்ல முடியாமல் அடைத்து வைத்திருப்பவனுக்கு அந்தக் கேள்விதான் கதவு. "ஆமாம்" என்றால் தனியாக விடாதே, ராத்திரி கூடவே இரு, விடிந்ததும் டாக்டரிடம் கூட்டிப் போ. ஏற்கெனவே ஏதாவது செய்ய முடிவெடுத்துவிட்டான் என்று தெரிந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோ. டெலி மானஸ் 14416, அரசாங்க எண், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நீயும் அதில் பேசலாம், கூட நிற்பவனுக்கும் பேச ஒரு ஆள் வேண்டும்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு செலவில்லை. சிஎம்சியின் மனநல மையம் இங்கே பாகாயத்தில்தான். அவனுக்குக் "கிறுக்குப் பிடித்தவர்கள் போகிற இடம்" என்ற கூச்சம் இருக்கும். அதற்கு ஒன்று சொல்லு: 2013-லேயே அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் சூதாட்டத்தைக் குடி, போதை இருக்கிற அதே பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். மூளை அதே வழியில்தான் மாட்டிக்கொள்கிறது. குடிக்காரரைத் திட்டித் திருத்த முடிந்திருந்தால் நம் ஊரில் ஒரு பெண்ணும் அழுதிருக்க மாட்டாள். இவனையும் திட்டி நிறுத்த முடியாது.

ஆம்பூர்_ஷிஃப்ட் எழுதியது:

அக்கா சொன்னதை முதலில் செய், பிறகு இதைப் படி. எனக்கு 27 வயது, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். நான் கட்டுவதை நிறுத்தி 14 மாதம் ஆகிறது. அதற்கு முன்பு நான்தான் அந்தப் பையன்.

15 ஆயிரத்தைக் கொடுக்காதே. அவன் பொய் சொல்கிறான் என்பதற்காக இல்லை. "இதுதான் கடைசி" என்று சொல்லும்போது அவன் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறான், நானும் ஒவ்வொரு முறையும் நம்பினேன். விட்டதை எடுத்துவிட்டு நிறுத்திவிடலாம் என்ற அந்தக் கணக்குதான் நோய். டாஸையே எடுத்துக்கொள், பூவா தலையா, பாதிக்குப் பாதி. நூறு கட்டி ஜெயித்தால் 200 வரவேண்டும், ஆனால் 190 தருவான். பார்த்தால் பத்து ரூபாய்தானே என்று தோன்றும். நூறு முறை கட்டினால் உள்ளே போவது 10,000, சராசரியாகத் திரும்பி வருவது 9,500. டாஸ் ஒரு மேட்சுக்கு ஒரு தடவைதான், அதனால் உங்கள் செட்டுக்குப் பரோட்டாவோடு போயிற்று. அந்த விமான ஆட்டம் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை. ராத்திரி 12 மணியிலிருந்து விடிய விடிய, போர்வைக்குள்ளே, சத்தத்தை அணைத்துவிட்டு ஆடினால் எத்தனை தடவை என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

தோற்றதைவிட என்னை அங்கே உட்கார வைத்தது வேறு. கட்டின காசு 2 மடங்கு ஆனதும் நான் எடுத்துவிடுவேன், அந்த விமானம் 38 மடங்கு வரை போகும். "விட்டுட்டேனே" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது தோல்வி மாதிரியே இருக்காது, கிட்டத்தட்ட ஜெயித்த மாதிரி இருக்கும். அடுத்ததுக்குக் கை தானாகப் போகும். தங்கச்சி காலேஜ் ஃபீஸ் 22 ஆயிரம் அப்படித்தான் ஒரே ராத்திரியில் போனது. காலையில் அவள் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அதை இன்னும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

உதவி செய்ய நினைத்தால் காசை அவன் கையில் கொடுக்காமல் செய். சாப்பாடு வாங்கிக் கொடு, ரூம் வாடகை பாக்கி என்றால் ஓனரிடம் நேராகக் கட்டு. தண்டல்காரருக்குக் கொடுத்தாலும் நீயே போய்க் கொடுத்து நோட்டில் எழுதி வாங்கு. எனக்கு என் மாமா அப்படித்தான் செய்தார், அப்போது அவர் மேல் அவ்வளவு கோபம், என் மேல் நம்பிக்கை இல்லையா என்று சண்டை போட்டேன். அவர் "உன் மேல இருக்குடா, உன் கைல இருக்கற போன் மேலதான் இல்ல" என்றார்.

சம்பள நாள்தான் மோசமான நாள். மற்ற நாளில் ஆசை இருந்தாலும் காசு இருக்காது. நான் கம்பெனியில் எழுதிக் கொடுத்துச் சம்பளத்தை அம்மா அக்கவுன்ட்டுக்கு மாற்றினேன், வாரம் 500 ரூபாய் கைச்செலவுக்கு. பேங்க் ஆப்பிலேயே யுபிஐ அளவைக் குறைக்க வழி இருக்கும், ஒரு நாளைக்கு 200, 300 என்று வைத்துவிடலாம், பின் நம்பரைக் கொஞ்ச நாள் வேறு ஒருவர் வைத்திருக்கலாம். டெலிகிராம், அந்த டிப்ஸ் குரூப்பு எல்லாவற்றையும் அவனே உட்கார்ந்து அழிக்கட்டும், நீ பக்கத்தில் மட்டும் இரு. அந்தத் தளங்கள் பெயரை மாற்றி மாற்றி வரும், புது லிங்க் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், அதனால் சிம்மையே மாற்றிவிட்டால் நல்லது. சாயங்காலம் 7:30-லிருந்து 11 வரை, மேட்ச் ஓடும் நேரம், அந்த நேரத்துக்கு அவன் உடம்புக்கு வேலை வேண்டும். நான் ஷட்டில் ஆடப் போனேன். முதல் மாதம் ஆட்டத்துக்கு நடுவில் ஸ்கோர் என்ன என்று கேட்பேன், யாரும் சொல்லமாட்டார்கள்.

நடுவில் இரண்டு தடவை வழுக்கினேன். முதல் தடவை 3,000, இரண்டாம் தடவை 400. அந்த 400-ஐ மாமாவிடம் அன்றைக்கே சொன்னேன், அதுதான் வித்தியாசம். அவனும் வழுக்கலாம். "எல்லாம் போச்சு" என்று நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, மூவாயிரம் நானூறு ஆவதும் முன்னேற்றம்தான். உங்கள் செட்டு வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது இன்னும் ஜெயித்த ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்களா? போட்டால் நிறுத்தச் சொல். பரோட்டா பெட்டும் வேண்டாம், அவன் எதிரில் ஒரு ரூபாய்க்குக்கூட வேண்டாம். நீ ஆரம்பித்தாய் என்று அரித்துக்கொண்டிருப்பதைவிட இதை நீ செய்தால் அவனுக்குப் பயன்.

வாலாஜா_பெரியவர் எழுதியது:

தம்பி, நான் பழைய ஆள், ஆப் எல்லாம் தெரியாது. ஆனால் இந்தக் கதை தெரியும். நம் வட ஆற்காட்டுப் பக்கம் காட்டன் சூதாட்டம் என்று இன்றைக்கும் பேப்பரில் வருகிறதே, துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கட்டுவது, அதற்குக் காட்டன் என்று பேர் வந்ததே நியூயார்க் பருத்திச் சந்தை விலையை வைத்துப் பம்பாயில் பந்தயம் கட்டியதால்தான். பருத்தி போயிற்று, பேர் நின்றுவிட்டது. என் அண்ணன் அதில் போனவர். அப்புறம் லாட்டரி. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள், எங்கள் அம்மா அன்றைக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். ஆறு மாதத்தில் கேரளா லாட்டரி ரிசல்ட்டை வைத்து மூணு நம்பர் சீட்டு என்று டீக்கடைப் பக்கம் ஆள் வந்துவிட்டான். 000-விலிருந்து 999 வரை ஆயிரம் நம்பர், அதில் ஒன்று நமக்கு விழவேண்டும். அண்ணன் தினமும் கனவில் வந்த நம்பர் என்று கட்டுவார்.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணியின் தாலிக்கொடி போன பிறகுதான் பேசினோம். அதனால் சொல்கிறேன், இன்றைக்கே அவன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடு. மறைத்து வைத்தால் சூது பெருகும்.

ஆம்பூர்_ஷிஃப்ட் எழுதியது:

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் "இன்றைக்கே நீ போய்ச் சொல்லு" என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. என் விஷயத்தை ஒரு நண்பன் எனக்குத் தெரியாமல் வீட்டில் சொன்னான், நல்ல எண்ணம்தான், ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் வீட்டுக்கே போகவில்லை, ஜோலார்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அங்கே என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுத வேண்டாம். இவனுக்கு ஒரு நாள் குறித்துக் கொடு. "ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ சொல்லு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அந்த நாளுக்குக் காத்திருக்காதே, அப்போது பெரியவர் சொன்னதுதான் சரி.

சத்துவாச்சாரி_ஜூனியர் எழுதியது:

வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். அந்த அக்கவுன்ட் வாடகை விஷயத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். வேண்டவே வேண்டாம். மோசடிப் பணமும் பெட்டிங் பணமும் அப்படி வாடகைக்கு எடுத்த சின்னப் பையன்களின் அக்கவுன்ட் வழியாகத்தான் ஓடுகிறது. ஏதோ ஒரு மாநிலத்தில் யாரோ புகார் கொடுப்பார், முதலில் முடக்கப்படுவது இவன் அக்கவுன்ட், முதலில் நோட்டீஸ் வருவது இவன் பெயருக்கு. மாதம் 10 ஆயிரம் கொடுத்தவர் போனை அணைத்துவிட்டுப் போயிருப்பார். ஏற்கெனவே கார்டைக் கொடுத்துவிட்டான் என்றால் இன்றைக்கே பேங்குக்குப் போய்க் கார்டை முடக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும், 1930 சைபர் குற்ற எண்ணிலும் சொல்லட்டும்.

"போலீசுக்குப் போனால் என்னையே பிடிப்பார்களே" என்று பயப்படுவான், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய மத்தியச் சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துபவருக்கு 3 வருடம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம் என்கிறது, விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு, ஆடுபவருக்குத் தண்டனை வைக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம் என்று இருக்கிறது. அதனால் புகார் எழுதும் முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுவது நல்லது, அதற்குக் காசு வேண்டாம். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

கடன் ஆப்காரர்கள் போனில் இருக்கும் நம்பர்களை எடுத்து எல்லோருக்கும் மெசேஜ் அனுப்புவோம் என்று மிரட்டினால், அப்படி காண்டாக்ட் லிஸ்டை எடுப்பதையே ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது. மெசேஜ், கால் எல்லாவற்றையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தண்டல், மீட்டர் வட்டி என்று கழுத்தைப் பிடிப்பவர்களுக்கு எதிராக 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. இன்னொன்று, "விட்ட காசை மீட்டுத் தருகிறோம், முதலில் 2,000 கட்டுங்கள்" என்று ஒரு கும்பல் கட்டாயம் வரும், அதுவும் ஏமாற்றுதான்.

காட்பாடி_23 எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா எழுதியதைப் படித்ததும் கடையில் சொல்லிவிட்டு ராணிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். ரூமில் லைட் போடாமல் படுத்திருந்தான். நீங்கள் சொன்ன அதே கேள்வியை அப்படியே கேட்டேன், வாய் வரவில்லை, ஆனாலும் கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு "தோணுச்சு" என்றான். அப்புறம் அழுதான், நானும்தான். ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டேன், 14416-ல் இரண்டு பேரும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம்.

மறுநாள் அடுக்கம்பாறை. சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம், நடுவில் "போயிடலாம் மச்சி" என்று மூன்று தடவை எழுந்தான். டாக்டர் அரை மணி நேரம் பேசினார், அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். கார்டை அவன் இன்னும் கொடுக்கவில்லை, அந்த ஆள் நம்பரை என் எதிரிலேயே பிளாக் செய்தான். கடன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினோம், 1,80,000 இல்லை, 2,12,000. மீதியை என்னிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறான். எங்கள் செட்டில் மூன்று பேர் சேர்ந்து தண்டல்காரரிடம் நேரில் போய்ப் பேசப் போகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போவதாக ஒப்புக்கொண்டான். செயின் விஷயத்தில்தான் பயப்படுகிறான். அக்கா, அவன் அம்மாவுக்கு பிபி உண்டு. எப்படி ஆரம்பிக்கட்டும்?

பாகாயம்_அக்கா எழுதியது:

காலையில் போங்க தம்பி, அவங்க மாத்திரை போட்டு, இட்லி சாப்பிட்ட பிறகு. பீடி முறத்தை மடியிலிருந்து கீழே வைக்கச் சொல்லிட்டு, பக்கத்து வீட்டுக்காரங்க இல்லாத நேரமா பார்த்து உட்காருங்க. செயினிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். "அம்மா, எனக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கேன்" என்று அவன் வாயால் முதலில் வரட்டும், அதுவும் உண்மைதானே. அதற்கப்புறம் அடகுச் சீட்டை அவங்க கையிலேயே கொடுக்கட்டும், எந்தக் கடை, எவ்வளவு வட்டி, எந்தத் தேதிக்குள் திருப்பவேண்டும் என்று நீ ஒரு தாளில் எழுதி வை. அவங்க அடித்தால் அடிக்கட்டும், நீ குறுக்கே போகாதே. திரும்பி வரும்போது அவனைத் தனியாக பஸ் ஏற்றிவிடாதே.

காட்பாடி_23 எழுதியது:

சரிங்க அக்கா. காலை 6:40-க்கு ஒரு டவுன் பஸ் இருக்கிறது, அதில்தான் போகிறோம்.